சாக்கடைக்கு முகம் கழுவிவிடுகிறவர்கள்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், பார்க்க வேண்டியதையே முதலில் துடைத்து வைத்துவிடும் இனம். பல் வைத்தியரிடம் போகிற அன்றைக்கு மட்டும் மூன்று தரம் பல் தேய்க்கும், பாத்திரம் கழுவ ஆள் வருமுன் பாத்திரத்தைக் கழுவி அடுக்கும், டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வலியை விழுங்கிக்கொண்டு "பரவாயில்லைங்க" என்று சிரிக்கும். எல்லாம் கூச்சம்தான்.

தெருக்கோடித் தையல்காரரின் மனைவி இந்த இனத்தில் அசல் வித்து.

அவள் அடுப்படியை ஒட்டித்தான் தெருச் சாக்கடை திரும்புகிறது. மழை பெய்தால் போதும், சொந்தக்காரனைப் போல் உள்ளே வந்து அடுப்புவரை விசாரித்துவிட்டுத்தான் போகும். புதுச் சாக்கடை கட்டினால்தான் விடிவு. அதற்கும் ஒரு வழி பிறந்தது. தண்ணீரைச் சோதிக்கிறவர், மேடுபள்ளம் அளக்கிறவர், அதில் வாழும் புழுபூச்சியை ஆராய்கிற பெண், மூவரும் ஒரே வண்டியில் வருகிறார்களாம். ஒருங்கிணைந்த ஆய்வாம். எந்தத் தெரு ரொம்ப மோசமோ, அங்கேதான் முதலில் வேலை.

"நாளைக்கு வர்றாங்க. நாறினாத்தான் நமக்கு நல்லது. கையை வெச்சிடாதே, சொல்லிட்டேன்," என்றார் தையல்காரர்.

"நான் ஏங்க அதைத் தொடப்போறேன்?"

விடிந்தது. வெளியாட்கள் வந்து நிற்கிற இடம்! மூக்கைப் பொத்திக்கொண்டால் யாருக்குக் கேவலம்? ஒரே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் பக்கத்தையும் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகு பினாயில் ஊற்றாமல் எப்படி என்று அதையும் ஊற்றினாள். அதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, தன் வாசல் மட்டும் இளைத்ததா என்று துடைப்பத்தோடு இறங்க, வண்டி வருவதற்குள் தெருவே கல்யாணப் பெண்ணாகிவிட்டது.

பூச்சிப் பெண் குனிந்து வலையால் துழாவினாள். "அக்கா, இங்க ஒரு புழுகூட இல்லையே!"

நம்மவள் பூரித்துப்போனாள். "எங்க பக்கம் எப்பவுமே இப்படித்தாம்மா."

உள்ளே தையல் மிஷின் சட்டென்று நின்றது.

பெண் மோந்து பார்த்தாள். "பினாயிலா? சரிக்கா, இன்னொரு நாள் சொல்லாம வர்றோம்."

சொல்லாமலா! எந்த நாள் என்று தெரியாததால் நம்மவள் தினமும் கழுவ ஆரம்பித்தாள். வழி சுத்தமானதும், தெருவின் மேல்பக்கம் தேங்கிக் கிடந்தது எங்கே போகும்? அடுத்த மழைக்கு முழங்கால் அளவில் வந்தது. தையல்காரர் மிஷினைக் கட்டிலில் ஏற்றினார். "நல்ல வேளை, இந்தத் தடவை கொஞ்சம் மணமா வருது."

அப்போது வாசலில் மழைக்கோட்டோடு அந்தப் பூச்சிப் பெண். கையில் பாட்டில். "அக்கா, இப்ப எடுத்துக்கலாமா?"

முழங்கால் சாக்கடையில் நின்றபடி அவள் பதறினாள். "ஒரு நிமிஷம் இரும்மா, கொஞ்சம் கூட்டிடறேன்."

அவள் துடைப்பத்தைத் தேடி எடுப்பதற்குள், நல்ல காலம், பாட்டில் நிறைந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? இந்தப் பக்கத்தையே உங்கள் கண்ணில் படுமுன் நாலு தரம் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். போகட்டும். இப்போது வாசலில் யாரோ கூப்பிட்டால், நீங்கள் முதலில் கதவைத் திறப்பீர்களா, நாற்காலியில் கிடக்கும் துணியை அள்ளுவீர்களா?