இடமாகச் சுற்றிய விளக்கு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் அம்மா, என் பெரியப்பா, நான். பெண் வீட்டுத் தரப்பில் பெண், அவள் அப்பா, அப்பாவின் அக்கா. அவ்வளவுதான். (படத்தில் இருந்த முருகரையும் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆனால் "நானும் அன்னிக்கு அங்கதாம்பா இருந்தேன்" என்று என்னிடமே சொன்னவர்களை எல்லாம் கூட்டினால், உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபம் போதாது.

எண்பதுகளின் ஆரம்பம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வருமானத்தைவிடக் கவலை அதிகம். ரேடியோவைப் பிரித்தால் திரும்ப மூட முடியுமா என்று கவலை. மூடிவிட்டால் உள்ளே திருப்புளியை விட்டுவிட்டேனோ என்று கவலை. (ஒரு தடவை விட்டிருந்தேன்.)

பெண்ணுக்கு ஊர் பெருநகர். பெயர் சகுந்தலா. அவள் அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு. டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணை மூடுவதற்குள் மகளை யார் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அந்த அவசரம் இல்லையென்றால் என்னை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். பெரியப்பாவிடம் கேட்டே விட்டார்.

"படிப்பு இல்ல, சரி. கையில தொழிலு நெஜமா கீதா? ஏதாச்சும் ஒண்ணு செஞ்சி எடுத்தாரச் சொல்லு. பாத்துட்டு அன்னிக்கே தட்ட மாத்திக்கலாம்."

அப்போது எல்.இ.டி. என்கிற குட்டிச் சிவப்பு விளக்கு எங்கள் பக்கம் புதுசு. முருகர் படத்தைச் சுற்றி அதை வட்டமாகப் பதித்து, ஒன்று அணைய அடுத்தது எரிகிற மாதிரி ஓடவிடுவது என்று முடிவு செய்தேன். மதராஸ் போய் இரண்டு ஐ.சி. சில்லு வாங்கி வந்தேன். ஒன்று கடிகாரம் போலத் துடிக்கும். இன்னொன்று ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விளக்கு என்று வரிசையாக ஏற்றிக்கொண்டே போகும். அவ்வளவுதான் சர்க்யூட். வேகமாக ஓடினால் வருங்கால மாமனாரின் நெஞ்சு தாங்குமா என்று கவலைப்பட்டு, வேகத்தை நிதானமாக வைத்தேன். ஷாக் அடிக்குமோ என்று ஒயருக்கெல்லாம் இரட்டையாக டேப் சுற்றினேன். (ஒன்பது வோல்ட் பேட்டரி எறும்பைக்கூட எழுப்பாது.)

இத்தனைக்கும் கவலைப்பட்டவன் ஒன்றே ஒன்றுக்குக் கவலைப்படவில்லை. படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில்தான் விளக்குகளுக்கு வலமாக எண் எழுதி, ஒயர் பற்றவைத்தேன். பிறகு நிமிர்த்தி எல்லாம் எரிகிறதா என்று பார்த்தேன். எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

பெண் வீட்டில் ஆணி இருந்தது ஓர் இடத்தில்தான். சகுந்தலாவின் அப்பா படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டுச் சுவர். அங்கே மாட்டி, பேட்டரியைச் செருகினேன். விளக்கு ஓட ஆரம்பித்தது. உள்கதவின் பின்னால் நின்றிருந்த சகுந்தலா, "ஐய, அழகா கீதே!" என்றாள். அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் விளக்கைப் பற்றி.

அவள் அப்பா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்க வந்த முகம் பாதியில் நின்றுவிட்டது. அவருடைய அக்கா எழுந்து கிட்டே போனாள்.

"டேய், இன்னாடா இது? எடமா சுத்திக்கினு கீது?"

சாமியை வலமாகத்தான் சுற்றுவோம். எங்கள் பக்கம் இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில், குடத்தைத் தோளில் வைத்துப் பிணத்தைச் சுற்றும்போது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "இல்லீங்க, பின்னால இருந்து பாத்தா வலமாதாங்க சுத்தும்!" என்றேன். சொன்னதோடு விட்டேனா? நிரூபிக்க வேண்டும் என்று படத்தைக் கழற்றித் திருப்பிப் பிடித்தேன். முருகர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சாமிய திருப்பிட்டான்! கட்டையில போறவன் சாமி மூஞ்ச திருப்பிட்டான்!" என்று அக்காக்காரி அலறினாள்.

"மொதல்ல அத நிறுத்துடா பேமானி!" என்று பெரியப்பா கத்தினார்.

சுவிட்ச் வைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டி, பின்னால் கையை விட்டு, அகப்பட்ட ஒயரைப் பிடுங்கினேன். அது பேட்டரி ஒயர் இல்லை. துடிக்கிற ஐ.சி.க்குப் போகும் ஒயர். துடிப்பு நின்றால் ஓட்டம்தான் நிற்கும். எரிந்துகொண்டிருந்த விளக்கு எரிந்தபடியே நிற்கும். உச்சியில் ஒரே ஒரு விளக்கு நின்று எரிந்தது.

அதற்குள் களைத்துப்போன மனிதர் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே அந்த ஒற்றை விளக்கு. இழவு வீட்டில் தலைமாட்டில் வைப்பார்களே, அதேதான்.

அக்காக்காரி தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "கீறன் அக்கா, இன்னும் கீறன்" என்றார். பிறகு, "தம்பி, என் நாளு முடிஞ்சிட்ச்சின்னு எனக்கே தெரியும். நீ வேற வந்து சொல்லணுமா?" என்றார்.

பெரியப்பா வெற்றிலைத் தட்டைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். சாவுக்குப் போனேன். வீட்டுக்குள் போகத் தைரியமில்லாமல் ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். "லைட்டு போட்டு அனுப்புன புள்ளையாண்டான் இவன்தான்" என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டினார். டாக்டர் முன்னாடியே கையை விரித்ததை அங்கே யாரும் பேசவில்லை. அதற்கு அடுத்த வருஷம் சகுந்தலாவுக்கு மாகறலில் கல்யாணம் ஆனது. பந்தலில் சீரியல் செட் விளக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குத் திருப்புலிவனத்தில் பெண் கொடுத்தார்கள். கைத்தொழிலைக் காட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. காட்டக் கூடாது என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போனால் எல்லாரும் குறை சொல்வார்கள். நான் அப்படிப் போனால்தான் சந்தோஷப்படுவார்கள். போன வருஷம் என் மனைவியின் தம்பி மூச்சுத்திணறி காஞ்சிபுரத்தில் படுத்திருந்தான். பேசக் கூடாது என்று நர்ஸ் கண்டித்திருந்த ஆள், நான் வாசலில் தெரிந்ததும் மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டித் தடுத்தான்.

"மாமா, அங்கியே நில்லு. மொதல்ல பையில இன்னா கீதுன்னு காட்டு."

பையைக் கவிழ்த்தேன். சாத்துக்குடிகள் தரையில் உருண்டு ஓடின. அவை எந்தப் பக்கமாகச் சுற்றி ஓடுகின்றன என்று அவன் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.