பத்துக்கு ஏழு வாங்கிய கண்

ஓமலூர் மச்சான் மாதவராஜ் அவர்களுக்கு, பாப்பாரப்பட்டியிலிருந்து தங்கள் தங்கை காவேரியின் வீட்டுக்காரன் பச்சியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மழையும் மாடும் நலம். நான் நலமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே உங்களுக்கு சிக்னல் போய்விடும் என்பதால் கடிதம்.

கண்ணாடி மாற்றலாமென்று காவேரியோடு தருமபுரிக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் நரம்பு புறப்படுகிற இடம் தட்டு மாதிரி இருக்கும், நடுவில் ஒரு குழி இருக்கும், உங்களுக்கு அந்தக் குழி தட்டில் பத்துக்கு ஏழு பங்கு என்றார். பள்ளிக்கூடத்தில் நான் காணாத மார்க். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். உங்க தங்கச்சி முன் சீட்டிலிருந்து திரும்பி, "அது மார்க் இல்லீங்க. குழி பெருசானா நரம்பு தேயுதோன்னு சந்தேகம். குளுக்கோமான்னா கண்ணே போயிருமாம்" என்றாள். பஸ்ஸே கேட்டது.

வலி இருக்காதாம், ஓரப்பார்வைதான் மொதல்ல போகுமாம். அன்னிலருந்து ஓரப்பார்வை இருக்குதான்னு நானே சோதிச்சுக்கிட்டிருக்கேன். எதிர்வூட்டு அமுதவல்லி ரெண்டு தடவை முறைச்சிட்டாங்க. அப்புறம் டெஸ்ட்டுன்னு ஒரு கிண்ணத்துக்குள்ள மொகத்தை வெச்சு, பொட்டுப்பொட்டா வெளிச்சம் தெரியறப்ப பட்டனை அழுத்தச் சொன்னாங்க. விட்டுட்டா ஃபெயிலாக்கிருவாங்களோன்னு தெரியாததுக்கும் அழுத்தித் தள்ளிட்டேன். மிசின் பாக்கற பொண்ணு, "வெளிச்சமே வரலீங்களே, எதைப் பாத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. மறுபடி மொதல்லருந்து.

சிரிச்சுக்கிட்டே எழுதறேனே தவிர உள்ளுக்குள்ள பயந்தான். கண்ணு போனா தக்காளி டெம்போ ஓட்டற பொழப்பும் போச்சு. நாளைக்கு ரிசல்ட். என் குடலிறக்க ஆபரேசனுக்கு எட்டிப் பாக்காத மாதிரி இதுக்கும் இருந்துடாதீங்க. உங்க மொகம் எனக்குத் தெரியறப்பவே வந்து காட்டிட்டுப் போங்க.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கமும், உங்கள் மகள் பூவிழிக்கு நல்ல மார்க்கும் நல்ல மாப்பிள்ளையும் அமைய ஆசியும்.

இப்படிக்கு,
இன்னும் பார்வையுள்ள
பச்சியப்பன்

பின்குறிப்பு: தபால்ல போடறதுக்குள்ள ரிசல்ட் வந்துருச்சு. எனக்கு ஒண்ணுமில்லீங்க. என் தட்டே பெருசாம், அதனால குழியும் பெருசு. சுத்தியிருக்கற விளிம்பு கெட்டியா இருக்குதாம். துணைக்கு வந்தவங்களையும் பாத்துரலாம்னு டாக்டரம்மா காவேரியை உக்கார வெச்சாங்க. அவளுக்குத் தட்டு சின்னது, குழி பத்துக்கு அஞ்சுதான். ஆனா விளிம்பு ஒரு பக்கம் எலி கடிச்ச மாதிரி தேஞ்சிருக்குது. ஸ்கேன்லயும் அதேதான். வந்திருக்கறது அவளுக்கு. சீக்கிரமே தெரிஞ்சதால, தெனமும் சொட்டு மருந்து விட்டா இருக்கற பார்வையைக் காப்பாத்திக்கலாம்னாங்க. காவேரி கலங்கல. "எங்கண்ணனுக்குச் சொல்லிராதீங்க, பயந்துக்கும்"னா. அதுக்காகவே சொல்றேன்: கூடப்பொறந்தவங்களும் கட்டாயம் பாக்கணுமாம். மேல எழுதினதையெல்லாம் அடிச்சிருங்க. என்னைப் பாக்க வரவேணாம், உங்க கண்ணைக் காட்ட வாங்க. பைக்குல மட்டும் வராதீங்க மச்சான். சோதனைக்கு மருந்து விட்டா கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாத் தெரியும். திரும்பற வழியில தொப்பூர் கணவாயில எதுக்க வர்ற லாரிக்காரங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்.