கழித்தல் குறி

மதியம் இரண்டு மணிக்கு மார்னியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. காலை பத்து மணி வரை அவளுடைய ஐந்து கணக்குமுறைகளில் ஒன்றுகூட ஆய்வகப் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை.

பெட்டி எளிமையானதுதான். ஒரு பக்கச் சுவர் சூடு, எதிர்ச்சுவர் குளிர்ச்சி, நடுவில் காற்று. சூடான காற்று எப்படிக் கொந்தளித்து எழும், வெப்பத்தை எங்கே கொண்டு சேர்க்கும் என்று எந்தக் கணக்குமுறை சரியாகச் சொல்கிறது? ஆறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. ஐந்தும் மேலே சூடு என்றன. பெட்டியில் பதித்த வெப்பமானிகளோ கீழேதான் சூடு என்று அடம்பிடித்தன.

"பெட்டி தப்பாச் சொல்லாது. நம்ம டெக்னீஷியன் வெர்ன் பாத்துக்கற பெட்டி," என்றார் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் க்வாம். "மாறிலியைக் கொஞ்சம் ஏத்திப் பாரு."

ஏற்றினாள். மேலே இன்னும் சூடானது.

"அப்ப இறக்கு."

இறக்கினாள். காற்று சூரியனைவிடச் சூடாகிவிட்டதாகச் சொல்லிக் கணினி நின்றுபோனது.

"கணக்குக்காகப் பெட்டியைப் பிரிச்ச கட்டங்களை இன்னும் பொடிசாக்கு."

"ஆக்கலாம் புரொபசர். விடை வியாழக்கிழமை வரும்."

அன்று செவ்வாய்.

க்வாம் சாப்பிடப் போன நேரத்தில் மார்னி ஒரு கேவலமான காரியம் செய்தாள். புவியீர்ப்புக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை அழித்தாள். இனி அவள் கணக்கில் சூடான காற்று கீழே விழும்.

மூன்றாவது கணக்குமுறை பெட்டியோடு புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன பண்ணினே?" திரும்பி வந்த க்வாமின் கண்கள் விரிந்தன.

"சின்னதா ஒரு குறித் திருத்தம்."

"க்வாம் திருத்தம்னு பேர் வெச்சிடுவோம்."

தேர்வில், குழுத் தலைவி கணக்கும் பெட்டியும் பொருந்திய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் திருத்தத்துக்கு ஆதாரம் என்ன?"

"என் முப்பது வருஷ அனுபவம்," என்று க்வாம் முந்திக்கொண்டார்.

மார்னியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பட்டம் போனாலும் போகட்டும்.

"மன்னிச்சிடுங்க. நான் புவியீர்ப்பையே தலைகீழாத் திருப்பிட்டேன்."

க்வாம் தன் நாற்காலியை அவளிடமிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டார்.

பின்னால் புரொஜக்டரைச் சரிசெய்துகொண்டிருந்த டெக்னீஷியன் வெர்ன் தலையை நிமிர்த்தினார்.

"பின்ன வேற எப்படிப் போடுவியாம்? கால் உடைஞ்சுபோச்சுன்னு அந்தப் பெட்டியை நான் அக்டோபர்லயே தலைகீழாக் கவுத்து வெச்சுட்டேனே."