நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு காலடி

தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் அதற்கு மருந்து கூலி உயர்வுதான் என்று உலகத்துப் பேரறிஞர்கள் எல்லாம் தவறாக நினைத்துக்கொண்டிருந்த 1938-ஆம் ஆண்டில், இல்லை, அதற்கு மருந்து பாண்டு வாத்தியம் என்று கண்டுபிடித்த மேதை மிஸ்யே ரெஜிஸ், அதாவது ரெஜிஸ் துரை. மொரீஷியஸ் தீவில், பிளேன் மாக்னியனுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு அவர்தான் மேலாளர்.

திட்டத்தின் பெயர் 'காலை இசை நலத் திட்டம்'. குடியிருப்பிலிருந்து வயல்வரை ஒன்றரை மைல். முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களும் பாண்டின் பின்னால் அணிவகுத்து 'மகிழ்ச்சியுடன்' நடக்க வேண்டும். வாத்தியம் ஓய்வதற்குள் வயலில் கால் வைக்காதவருக்கு அரைநாள் கூலி கிடையாது. மகிழ்ச்சிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

இசையை அமைத்துத் தரும் பொறுப்பு அப்பாசாமி தலையில் விழுந்தது. சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். இளமையில் போர்ட் லூயிஸில் ஒரு பாண்டில் கிளாரினெட் வாசித்தவர். நாற்பது பேருக்கு எழுதிய ஒரு பிரெஞ்சு அணிநடைப் பாட்டை ஏழு பேருக்குச் சுருக்கினார். நடந்துகொண்டே ஊதுகிறவனுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டுமே! அந்த ஏழு பேரில் மார்செல் மூச்சு வாங்கும் இடத்தில் ஐயாசாமி ஊதும்படி எழுதினார். இடதுகால் விழும்போதெல்லாம் பெரிய மேளம். நிமிடத்துக்கு நூற்றெட்டுக் காலடி. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மிஸ்யே ரெஜிஸ் குதிரைமேல் அமர்ந்தபடி பின்னாலேயே வந்து முழுவதையும் கேட்டார்.

"பாட்டு பிரமாதம், அப்பாசாமி. ஆனால் கொஞ்சம் சோம்பேறித்தனம் தெரிகிறது."

"எந்த இடத்துல, மிஸ்யே?"

"காலில்."

அடுத்த வாரம் நூற்றிருபது. அதற்கடுத்த வாரம் நூற்று முப்பத்திரண்டு. வேகம் ஏற ஏறச் சுரங்கள் உதிர்ந்தன. அந்த வேகத்தில் விரல் ஓடாது. அப்பாசாமி முதலில் குழைவுகளை வெட்டினார், பிறகு இடைச்சுரங்களை வெட்டினார். நான்காம் வாரம் நூற்று நாற்பத்து நான்கு. அதில் பெரிய மேளமும் மார்செலின் இருமலும் மட்டுமே தெளிவாகக் கேட்டன. "இசை முதிர்ச்சி அடைந்து வருகிறது" என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

அப்பாசாமியின் மனைவி தெய்வானை களையெடுக்கும் கூட்டத்தில் இருந்தாள். முழங்கால் வீக்கம். மூன்று முறை அரைநாள் கூலி போயிருந்தது. நான்காவது முறையும் போன அன்று சோற்றுத் தட்டை அவர் முன்னால் சற்றுச் சத்தமாகவே வைத்தாள்.

"ஏங்க, அது என்ன நூத்தி நாப்பத்தி நாலு? நாப்பதோட நிறுத்தினா மிஸ்யே கோவிச்சுக்குவாரா?"

"கடுதாசியில எழுதிக் குடுத்திருக்காரு, தெய்வானை."

"கடுதாசிக்கு முட்டி வலிக்காது. நீங்க ஊதுறீங்க, நாங்க ஓடுறோம். ஓடாத ஆளு குதிரைமேல இருக்கிறவரு ஒருத்தருதான்."

"குதிரை ஓடுதே."

"ஆயோ! அப்ப குதிரைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னொரு அரைநாள் போச்சுன்னா இந்தத் தட்டும் காலியாத்தான் வரும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை தொழிலாளர் நலனைப் பார்வையிட ஓர் அரசாங்க அதிகாரி வருவதாக இருந்தது. அப்பாசாமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலாளர் முன் நின்றார்.

"மிஸ்யே, போர்ட் லூயிஸ் அணிவகுப்புல பெரியவங்க பின்னால வர மாட்டாங்க. முன்னால, வெள்ளிப்பூண் போட்ட கோலோட நடப்பாங்க. கோல் இல்லாத பாண்டு வெறும் சத்தம்."

"குதிரைமேல் கோல் பிடிக்கக் கூடாதா?"

"அதுக்கு நாலு கால் மிஸ்யே. தாளம் இடிக்கும்."

மேலாளர் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார்.

"கோலை எப்படித் தூக்கினா வாத்தியம் நிக்கும்னு மட்டும்..."

"எனக்கா பாடம் சொல்லித் தருகிறாய்?"

"இல்லை, மிஸ்யே."

அப்பாசாமி நல்ல ஊழியர். வேண்டாம் என்று சொன்ன எதையும் அவர் செய்ததே இல்லை. அன்று மாலையே பாட்டின் முடிவை வெட்டிவிட்டு, கடைசி வரியை முதல் வரியோடு சேர்த்துத் தைத்தார். கோல் முறைப்படி உயராதவரை இனி அது ஓயாது.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் வெள்ளை உடுப்பிலும் புதிய பூட்ஸிலும் புறப்பட்டார். முதல் கால் மைல் ராஜநடை. அரை மைலில் தொப்பி போயிற்று. ஒரு மைலில் கோலை எட்டுத் திசையிலும் வீசினார். அவற்றில் எதுவும் முறையான சைகை இல்லை. "டூஸ்மான்! மெதுவாக!" என்று கத்தினார், இடதுகால் மேளம் அதை விழுங்கிவிட்டது. காரில் வந்த அதிகாரி, "மேலாளர் தொழிலாளரோடு தோளோடு தோள் நடக்கிறார்" என்று குறித்துக்கொண்டார். அது உண்மைதான். பெண்கள் அதற்குள் அவரை எட்டிப் பிடித்திருந்தார்கள்.

தெய்வானை நொண்டியபடியே பக்கத்தில் வந்தாள்.

"வித்! வித்! சீக்கிரம் நடங்க, மிஸ்யே. அரைநாள் கூலி போயிடும்."

வயலுக்குப் பத்தடி இருக்கும்போது மேலாளர் கரும்புச் சோகைமேல் படுத்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் அப்பாசாமி கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். அன்று யாருக்கும் கூலி போகவில்லை.

டாக்டர் ஓடிவந்து நாடி பிடித்தார். மறுநாள் காலையே சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது: "இவ்வளவு வேகமாக நடப்பது மனித உடலுக்கு ஏற்றதல்ல என்று மருத்துவ ஆய்வில் தெரியவந்திருப்பதால், தொழிலாளர் நலன் கருதி, இனி நிமிடத்துக்கு எண்பது காலடி."

விஞ்ஞானத்தின் வேகத்தை மெச்சத்தான் வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்தில், மனித உடல் என்று ஒன்று இருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது.