பாதி வேகம்

தெய்வசிகாமணியின் விரலுக்கு அந்தக் கிளாரினெட் பிட்டு அடங்கவே இல்லை. புதுப் பாட்டு. நடுவில் கிளாரினெட் ஓர் ஓட்டம் ஓடுகிறது. ஊதினவன் மனுஷனா மிஷினா தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சங்கராபுரத்தில் கல்யாண ஊர்வலம். அதில் இதை ஊதியாக வேண்டும்.

பேண்டு செட்டில் டிரம் அடிக்கிற பகலவன் அவர் போனை வாங்கி எதையோ அழுத்தினான்.

"பாதி ஸ்பீடு வெச்சிட்டேண்ணே. பொறுமையா கேட்டு ஊது."

பாட்டு சினை எருமை மாதிரி அசைந்து வந்தது. பாடகன் ஒவ்வொரு சொல்லையும் இழுத்தான். ஆனால் பிட்டு பிடிபட்டது. அந்தத் தெம்பில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

போனைப் போட்ட இடத்தில் பெண்டாட்டி பச்சையம்மாள் இருந்தாள். மகள் செந்தமிழ்ச்செல்விக்குப் பேசி முடித்திருந்த ரிஷிவந்தியத்து மாப்பிள்ளை சுபாஷ் ஏதோ பேசி அனுப்பியிருந்தான். அவள் அழுத்தினாள்.

"மா...மா... நிச்...சயத்துக்கு... எத்தினி... பேரு..."

இரண்டாம் தரம் கேட்டாள். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டாள்.

"குடிகாரனுக்கு எம்பொண்ணு இல்லிங்க. வேற எடம் பாத்துக்குங்க."

தெய்வசிகாமணி துண்டோடு வந்தபோது சம்பந்தம் முறிந்திருந்தது. அவரும் கேட்டுப் பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார்.

செந்தமிழ்ச்செல்வி சோறு வேண்டாமென்று போர்த்திப் படுத்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

மனசு ஆறாமல் தெய்வசிகாமணி பாட்டைப் போட்டார். பாடகனும் அப்படியே இழுத்தான். அவருக்குச் சுருக்கென்றது.

"இன்னாமே, போனே மெதுவா ஓடிக்கினு இருக்குது. நல்ல பையன் மேல பழி போட்டுட்டியே."

"நான் சம்மந்திகிட்ட பேசனப்ப நல்லாத்தான கேட்டுச்சு?"

"அது நேரா பேசறது. இது புடிச்சி வெச்சது. புடிச்சி வெச்சா எல்லாம் மெதுவாத்தான் வரும்."

ரிஷிவந்தியத்துக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. பழமும் பூவும் தட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா அன்புச்செல்வன் வாசலிலேயே நிறுத்தினார்.

"குடிகாரன் வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?"

தெய்வசிகாமணி போனை எடுத்தார். பாட்டைப் போட்டுக் காட்டினார். பாடகன் இழுத்தான்.

"பாருங்க. சம்பளம் வாங்கிப் பாடறவனே இப்பிடி ஆயிட்டான். தம்பி இன்னா பண்ணும்?"

அன்புச்செல்வன் முகம் மலர்ந்தது.

"அதான பாத்தேன். எம்புள்ள டீயே ஜாஸ்தி குடிக்க மாட்டான்."

சுபாஷ் தரையைப் பார்த்தபடி நின்றான். இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமா என்று தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கியது.

"மன்னிச்சிக்கோ தம்பி" என்றாள் பச்சையம்மாள்.

"பரவால்லத்த" என்றான் அவன், தரையிடம்.

"இனிமே எதுக்கு நாள் பாத்துக்கினு? கையோட தட்ட மாத்திக்கலாம்" என்றார் தெய்வசிகாமணி. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே தட்டை மாற்றினார்கள். சம்பந்தம் நிலைத்தது.

காபி கொண்டுவந்த மாப்பிள்ளையின் தங்கை சுபலட்சுமி, போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது பாட்டு ஆப்புல மட்டுந்தான் மெதுவா ஓடும். அண்ணன் அனுப்புனது வாட்ஸ்அப்புல. அது அண்ணனோட ஸ்பீடுதான்."