வேகம் சரிபார்க்கப்பட்டது

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் வீட்டில் இணையம் மெதுவாக இருந்தது. இது ஒரு கதையா, எங்கள் வீட்டிலும்தான் ஆமை வேகம் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் வாங்கியிருந்தது அளவில்லாத் திட்டம். எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கம்பெனி எழுத்துமூலம் உறுதி கொடுத்திருந்தது. அது எப்போது வந்து சேரும் என்பதை மட்டும் எழுதவில்லை.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் மனுக்களில் "ஆவன செய்யப்படும்" என்று எழுதி எழுதியே விரல் தேய்ந்தவர் அவர். அதனால் பொறுமைசாலி. திரையில் வட்டம் சுற்றினால், கோப்பு நகர்கிறது என்று நினைத்துச் சமாதானமாகிவிடுவார். ஆனால் அடுத்த வாரம் மகளுக்கு வீடியோவில் நேர்காணல். படிப்பை முடித்துவிட்டு நாயாய் அலைந்து, கடைசியில் கிடைத்த ஒரே வாய்ப்பு. அதுவும் இணையம் கொடுத்த அதே கம்பெனியின் புகார்ப் பிரிவில். பேச்சு நடுவில் படம் நின்றுபோனால் என்ன ஆவது என்று அம்மா நச்சரித்தாள்.

புகார் கொடுத்தார்கள். தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் வந்து மோடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

"மூணு பேருமா பயன்படுத்தறீங்க?" என்று அதிர்ந்துபோனார்.

"அதுக்குத்தானே சார் வாங்கினோம்!"

எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். டிவி, லேப்டாப், அம்மா கையில் இருந்த போன் எல்லாம் அணைந்தன. அலுவலர் தன் கருவியைச் செருகினார். எண் சர்ரென்று ஏறி உச்சியில் போய் நின்றது.

"பாத்தீங்களா! சொன்ன வேகம் அப்படியே இருக்கு. ஒரு பொட்டு குறையல."

"இப்ப யாருமே பயன்படுத்தலையே சார்?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நாங்க முழுசாத்தான் அனுப்பறோம். நீங்கதான் எடுத்து எடுத்துப் பயன்படுத்திடறீங்க. அப்புறம் வேகம் எங்கேன்னா, நாங்க எங்க போறது?"

கண்காணிப்பாளருக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பதில் தனக்குத் தோன்றவில்லையே! உடனே கையெழுத்துப் போட்டார். அலுவலர் மோடத்தின் தலையில் 'வேகம் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேர்காணல் அன்று அம்மாவின் போன் பீரோவுக்குள் போனது. அப்பா மோடத்துக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தார். திரையில் மூன்று அதிகாரிகள் தோன்றினார்கள்.

"இப்ப நாங்க கோபமான வாடிக்கையாளர் மாதிரி கத்துவோம். நீங்க எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பார்க்கணும்," என்றார் நடுவில் இருந்தவர்.

மகள் லேசாகப் புன்னகைத்தாள். அதோடு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒருத்தி பயன்படுத்தினாலும் பயன்பாடுதானே! வட்டம் நின்றபோது, "நன்றி, முடிஞ்சுது," என்று கையசைத்துவிட்டு மூவரும் மறைந்தார்கள்.

"ஒரு வார்த்தைகூடப் பேசலப்பா! எல்லாம் போச்சு!" என்று மகள் தேம்பித் தேம்பி அழுதாள். பெற்ற பெண்ணிடம் ஆவன செய்யப்படும் என்றா சொல்வது? அப்பா அவள் தலையைக் கோதிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"உங்க பொண்ணை வாயில வந்தபடி திட்டினோம் சார். அந்தச் சிரிப்பு மாறணுமே! கண்ணுகூட இமைக்கல. ஒரு வாக்குறுதி கொடுக்கல, ஒரு மன்னிப்பு கேக்கல. இந்தப் பக்குவம் எங்க பழைய ஆளுங்களுக்கே இன்னும் வரல. இன்னிக்கே வேலையில சேரச் சொல்லுங்க."

"அது வந்து சார், எங்க லைன்ல..." என்று இழுத்த அப்பாவின் வாயை அம்மா பொத்தினாள்.

வேலை வீட்டிலிருந்தபடியே. மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புகார் கேட்க உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, டிவியில் செய்தி வாசித்தவர் திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிட்டார். கண்காணிப்பாளர் புகார் எண்ணை அழைத்தார். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம் ஐயா. தங்கள் பொறுமைக்கு நன்றி."

குரல் காதிலும் கேட்டது, அடுத்த அறையிலிருந்தும் கேட்டது. வேலை நேரத்தில் உறவு கொண்டாடக் கூடாது. அவருக்கா விதி தெரியாது?

"மேடம், நெட் சுத்திக்கிட்டே இருக்கு."

மகளும் எதிரே திரையில் எழுதியிருந்ததை வரி மாறாமல் வாசித்தாள். "வீட்டில் வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா ஐயா?"

"ஒரு பொண்ணு இருக்கா மேடம். காலையில உட்கார்ந்தவ இன்னும் எழுந்திருக்கல."

"அவர்களது இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள் ஐயா. சரியாகிவிடும்."

அதிகாரபூர்வமான அறிவுரை. மீற முடியுமா? மகள் அறைக்குப் போகிற வயரைப் பிடுங்கினார். காதில் குரல் பாதியில் அறுந்தது. செய்தி வாசிப்பவர் வாயை மூடி அடுத்த செய்திக்குப் போனார். போனில் தகவல் வந்து விழுந்தது: 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' அவர் மனநிறைவோடு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

கதவு படாரென்று திறந்தது.

"அப்பா! லைன்ல அத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க, என் நெட் போச்சு! என் வேலையே போயிடும்ப்பா!"

அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசான புன்னகை. கண்கூட இமைக்கவில்லை.

"ஆவன செய்யப்படும்," என்றார்.