பட்டாணிக்குப் பயந்து பூச்செடி வைத்தவர்

இந்தக் குளிர்காலத்தில் ஒரு பட்டாணியைக்கூட உரிப்பதில்லை என்று ஜெயசீலன் சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, மனசுக்குள். அம்சவேணி வீட்டில் இருக்கும்போது சபதம் எடுக்க அதைவிடப் பத்திரமான இடம் டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கிடையாது.

மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் அவர் செக்‌ஷன் ஆபீசர். அங்கே அவரைக் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அவர்தான் எழுந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தரைத்தள வீட்டின் முன்னால் இருக்கும் துண்டுப் புல்வெளியில் நாற்காலி போட்டு, வெயில் காய்ந்துகொண்டே பேப்பர் படிக்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் லட்சியம். அதற்குக் குறுக்கே நின்றது பட்டாணி. குளிர்காலத்தில் பட்டாணி மலிந்ததும் அம்சவேணி மூட்டையாக வாங்கிவிடுவாள். உரித்து ஃப்ரீசரில் அடைத்து, தீபாவளி வரைக்கும் குருமா, உப்புமா, கிச்சடி என்று கண்டதிலும் தூவுவாள். ஈரோட்டில் பிறந்தவளுக்கு டில்லியிடமிருந்து கற்றுக்கொள்ள வேறு நல்ல பழக்கமே கிடைக்கவில்லை. உரிக்கும் உத்தியோகம் ஜெயசீலனுக்கு. நிரந்தரப் பதவி, ப்ரமோஷன் மட்டும் கிடையாது.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். பூந்தோட்டம்! கையெல்லாம் மண்ணாக இருக்கிற மனிதனிடம் எந்த மனைவி பட்டாணிக் கூடையை நீட்டுவாள்?

"அம்சா, இந்த வருஷம் குளிர்காலப் பூச்செடி போடலாம்னு இருக்கறேன்."

"யாரு, நீங்களா?"

"நானேதான்."

"துளசிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தச் சொன்னா இடுப்பு வலிக்குதும்பீங்க."

"அது உன் செடி. இது என் செடி. ஞாயித்துக்கிழமை பூரா இதுக்கே சரியாப் போயிரும். வேற வேலை எதுவும் சொல்லப்படாது."

"அச்சா. தாராளமாப் பண்ணுங்க."

அம்சவேணி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் சுதாரித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளாதவரைப் பார்த்துப் பரிதாபப்படத்தான் முடியும்.

நவம்பரில் நர்சரிக்குப் போய் பான்சி, பெட்டூனியா, டேலியா நாற்றுகளும், ஒரு பொட்டலம் ஸ்வீட் பீ பூங்கொடி விதையும் வாங்கி வந்தார். "ராத்திரி ஊறவெச்சு நட்டு வைங்க சாப். கொடியா ஏறி ரோஸும் ஊதாவுமாப் பூக்கும். தண்ணியை வெயில் வந்தப்புறம் ஊத்துங்க, சாயங்காலம் வேண்டாம், வேர் விறைச்சுப்போகும்" என்று நர்சரிக்காரர் ஹிந்தியில் சொன்னார். தண்ணீர் விஷயத்தை மட்டும் ஜெயசீலன் காதில் வாங்கவில்லை. தோட்டக்கலையை அவர் தமிழில் கற்பதாக முடிவு செய்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் யூட்யூபில் குளிர்காலச் செடி வளர்ப்பு சொல்லிக்கொடுத்தார். கோயம்புத்தூரில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்பது. அவர் மாலையில் தண்ணீர் விடச் சொன்னார். இவரும் டில்லிப் பனியில், மப்ளர் சுற்றிக்கொண்டு, தினமும் மாலையில் பக்தியோடு ஊற்றினார்.

விதைகளைக் கிண்ணத்தில் ஊறப்போட்டு அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் பார்த்தபோது நன்றாகவே பருத்திருந்தன. ஊறினால் பருக்காதா என்ன? சந்தோஷமாக நட்டார்.

ஜனவரிப் பனியில் பான்சி படுத்தது. பெட்டூனியா பின்னாலேயே போனது. டேலியா கறுத்துச் சுருண்டது. கொடி மட்டும் திமிராக ஏறியது. அதையே தன் திறமைக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார் ஜெயசீலன். தினமும் ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இதையெல்லாம்விடப் பெரிய சந்தோஷம், வீட்டுக்குப் பட்டாணி மூட்டை வரவேயில்லை. கேட்டதற்கு, "வெல இன்னும் எறங்கலீங்க" என்று மட்டும் சொன்னாள் அம்சவேணி. ஞாயிறுதோறும் நாற்காலி, வெயில், பேப்பர். உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

கொடி பூத்தது.

"ஏனுங்க, ரோஸு, ஊதான்னீங்க? வெள்ளையாப் பூத்திருக்குது?"

"வெள்ளைதான் உசந்த ரகம். இதெல்லாம் உனக்குத் தெரியாது."

"எனக்கு என்னங்க தெரியும்!"

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டு நரேன் இறங்கி வந்தார். ஜெயசீலனின் ஆபீஸில் பக்கத்து செக்‌ஷன்காரர். கையில் ரோஸும் ஊதாவுமாக ஒரு பூங்கொத்து. வாசனை ஆளைத் தூக்கியது.

"சார், ரொம்ப தேங்க்ஸ்! எங்க பால்கனி பூரா பூத்துக் குலுங்குது."

"அதுக்கு எனக்கெதுக்கு தேங்க்ஸ்?"

"நவம்பர்ல அக்கா ஸ்வீட் பீ விதை குடுத்தாங்களே, ஊறவெச்சே குடுத்தாங்க. நீங்க வாங்கினதுன்னு சொன்னாங்க." நரேன் கொடிப் பக்கம் குனிந்தார். "அட! பட்டாணி பிரமாதமா காய்ச்சிருக்கே சார்!"

ஜெயசீலன் கொடியைப் பார்த்தார். ரெண்டு வாரமாக மொட்டு, மொட்டு என்று தடவிக்கொடுத்ததெல்லாம் காயாகத் தொங்கியது. அண்ணாந்து பால்கனியைப் பார்த்தார். அங்கே தொங்கியது அவருடைய பூந்தோட்டம். அம்சவேணியைக் கூப்பிட வாயைத் திறந்தார். ஆனால், பெண்டாட்டி விதையை மாற்றியதுகூடத் தெரியாமல் மூன்று மாசம் தண்ணீர் ஊற்றியதாக ஒப்புக்கொண்டால், திங்கட்கிழமை ஆபீஸ் பூரா அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"தெரிஞ்சுதான் நரேன் போட்டேன். பூவை வெச்சு என்ன பண்றது? எனக்குப் பட்டாணின்னா உசுரு."

கூடையோடு வாசற்படியில் நின்றாள் அம்சவேணி. "கேட்டீங்களா தம்பி? உரிக்கறதுகூட அவரேதான். என்னையத் தொடவே விடமாட்டாருங்க."

"கிரேட் சார்!" என்று சொல்லிவிட்டு நரேன் மாடியேறினார்.

"ஏம் புள்ள இப்படிப் பண்ணுனே?"

"நான் தோட்டத்துல கை வெச்சனாங்க? அடுப்படிக்கு வந்ததத்தான மாத்துனேன். ஞாயித்துக்கிழமை பூரா தோட்ட வேலையின்னு நீங்கதான சொன்னீங்க? இதுவும் தோட்ட வேலதான், பாருங்க."

கூடையை அவர் கையில் கொடுத்தாள். அவர் காய்களைப் பறித்து நிரப்பிக்கொண்டு, புல்லில் பாயை விரித்து உட்கார்ந்தார். நாற்காலியில் அவள் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள்.

உரிக்க உரிக்க ஜெயசீலனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. வருஷா வருஷம் மூட்டை. இந்த வருஷம் ஒரே ஒரு கூடை! யோசித்துப் பார்த்தால் ஏமாந்தது அவள்தான். வேகமாகக் கடைசிக் காயையும் உரித்துப் போட்டு, கையைத் தட்டிவிட்டு, பேப்பரை எடுத்தார்.

"முடிஞ்சுது அம்சா. இந்த வருஷத்துப் பட்டாணி அவ்வளவுதான்."

"இது பொரியலுக்குங்க," என்றாள் அம்சவேணி, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு. "வெல நேத்துத்தான் எறங்குச்சு. வாசல்ல ஆட்டோ நிக்குது, போய் மூட்டைய எறக்குங்க."